அக்கா உதைத்த பந்து

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்து, கால்பந்துக்குள் வைக்கும் பிளாடர் அரியலூர்க் கடைகளில் கிடைக்காமல் போயிற்று. எங்கள் டிரில் வாத்தியார் அதற்கெல்லாம் அசரவில்லை. பழைய தோல் உறைக்குள் இலவம்பஞ்சைத் திணித்துத் தைத்து, விளையாடுங்கள் என்று கொடுத்துவிட்டார். நான் புல்பேக். வரும் பந்தை உயரத் தூக்கி, எல்லார் தலைக்கும் மேலாக அந்தக் கோடியில் ஓடும் பையனிடம் சேர்ப்பிக்க வேண்டும். என் பந்தோ தரையோடு உருண்டு, எதிராளியின் காலடியில் மரியாதையாகப் போய் நின்றது. சனிக்கிழமை மேட்சுக்குள் தூக்கி அடிக்கக் கற்காவிட்டால் வேறு பையனைப் போட்டுவிடுவேன் என்றார் வாத்தியார். எனக்குப் பன்னிரண்டு வயது. அதைவிடப் பெரிய கேவலம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் பழகினேன். கிணற்றடியிலிருந்து அடித்தால் வைக்கோல் போரைத் தாண்டி விழ வேண்டும். அப்பா வயலுக்குப் போயிருக்கும் நேரத்தில், பந்தை எடுத்துப் போடுவது அக்காவின் வேலை. அவளுக்குப் பதினாறு வயது. பெரியவளானதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு நாள் பேசாமல் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னாள்.

"நீ பந்த நடுவுல குத்துறடா. அதான் உருளுது. அடியில குடுத்துப் பாரு."

கொடுத்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"வெரலால இல்லடா, பொறங்கால்ல" என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே வந்தாள். இடது காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வலது புறங்காலைப் பந்தின் அடியில் கொடுத்து வீசினாள். பந்து எழும்பி, வைக்கோல் போருக்கு மேலே போய், மாட்டுக்கொட்டகை ஓரம் விழுந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதேயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் தாரம். மூத்த தாரத்து மகளுக்கு அக்காவைவிட இரண்டு வயதுதான் குறைவு. அப்பா அவர்களுடைய நிலபுலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் வில்வண்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டதால் எனக்குப் பூரண சம்மதம்.

புதன்கிழமை, "இன்னும் ஒரே ஒரு தடவ காட்டுக்கா" என்று கெஞ்சியது நான்தான். அவள் வீசிய வேகத்தில், மண்ணிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்புக்கல்லில் வலது கால் மோதி வீங்கிவிட்டது. ஈரத்துணியை நானே சுற்றிவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று அவள் காலிலேயே விழுந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வீக்கம் வடிந்து, இரண்டு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு அவள் சாதாரணமாக நடந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தமக்கை, பெண் பார்க்கப் போகிற இடத்தில் எல்லோரும் கேட்பதையே கேட்டாள்.

"அந்த நெலப்படி வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டும்மா."

அக்கா நடந்தாள். இடது காலை இழுத்து இழுத்து நொண்டினாள்.

"ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோங்க" என்று எழுந்துவிட்டார்கள். வில்வண்டி தெருமுனை திரும்பும் முன்பே அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். அவர் கை ஓங்குவதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவ அடிக்காதீங்கப்பா. நாந்தான் பந்து ஒதைக்கச் சொன்னேன். கல்லுல பட்டுருச்சு."

மாட்டுச் சாட்டையின் ஆறு அடிகள் எனக்கு விழுந்தன. பிறகு அரிவாளை எடுத்துப் பந்தைக் கிழித்தார். பஞ்சு முற்றமெல்லாம் பறந்தது. பள்ளிக்கூடத்துப் பந்தைத் தொலைத்தவனை யார் மேட்சில் சேர்ப்பார்கள்? ஆனால் அப்போது எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன், அக்கா இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்றுதான் அழுதேன்.

அழுகை ஓய்ந்தபோது ஒன்று இடித்தது. அடிபட்டது வலது கால். நொண்டியது இடது கால். வெகுநேரம் யோசித்து நானே ஒரு விடை கண்டுபிடித்தேன். வலியை வலது கால் தாங்கமாட்டாமல் இடது காலுக்குத் தள்ளியிருக்க வேண்டும். அடுப்படிக்குப் போய்ப் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

"எடது கால நீட்டுக்கா. பத்துப் போட்டா சரியாயிரும்."

அவள் என் முதுகுத் தழும்புகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இடது காலை நீட்டினாள். அதில் வீக்கமும் இல்லை, கீறலும் இல்லை. நான் வெகு கவனமாக, கணுக்கால் வரைக்கும் கெட்டியாகப் பூசினேன். பாதி பூசும்போதே அவள் என் தலையை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

புளியின் சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மெல்லத் தலையை விடுவித்துக்கொண்டு, குனிந்து அவள் காலை ஊதிவிட்டேன்.