அண்ணன் படத்து விளக்கு

சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, பயிர் நிற்கும்போதே வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த ஈரத்தில் தெளிக்கலாம் என்று என் மனைவி வயலில் கால் வைத்தே சொல்லிவிடுவாள். அதைப் பற்றி அவள் பேசுவதைப் பதிவு செய்ய வானொலிக்காரர்கள் வயலுக்கே வந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் நான் வரப்போரமாக நழுவிவிட்டேன். அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "ரேடியோல வரும்ல, கேட்டுக்குங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை, விவசாய நிகழ்ச்சியில் ஒரே ஒரு தடவை வரும். செல்போனிலும் கேட்கலாம்தான். ஆனால் மாலையானால் எங்கள் தெருவில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். ரேடியோவிலோ கொஞ்ச நாளாக வண்டு குடைவது போல இரைச்சல்.

பாபநாசத்தில் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே சுத்தமாகப் பாடியது. செட்டில் குறையில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் மலிவான எல்.இ.டி. விளக்கோ சார்ஜரோ இரைச்சலைக் கிளப்புகிறது என்றார் கடைக்காரர். கறுப்பாக இரண்டு வளையங்களைக் கொடுத்தார். ஒயரை அதற்குள் நாலைந்து சுற்று சுற்றினால் இரைச்சல் ஒயர் வழியாகப் பரவுவது குறையுமாம்.

"ஒண்ண ரேடியோ ஒயர்ல போடுங்க. இன்னொண்ண எது கத்துதோ அதுல போடுங்க. அதுதான் முக்கியம்."

எது கத்துகிறது என்று தேடினேன். எங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ரேடியோவைப் பாடவிட்டு, கையில் பிடித்தபடி வீட்டைச் சுற்றி வந்தேன். கிழக்குச் சுவரை நெருங்க நெருங்க இரைச்சல் கூடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் கூடம். அங்கே அண்ணன் படத்துக்கு மேல் ஒரு விளக்கு. அண்ணன் போனதிலிருந்து அது அணைந்ததில்லை. கரண்ட் போனால் அண்ணி உடனே அகலை ஏற்றிவிடுவார். பழைய சிவப்பு பல்பு போனபோது, விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகன் எல்.இ.டி. மாட்டிவிட்டு சிங்கப்பூர் திரும்பினான். இரைச்சல் தொடங்கியதும் அப்போதுதான்.

மனைவியிடம் சொன்னேன்.

"அத அணைக்கச் சொல்லிட்டு நான் பேசுறத கேக்கணுமா? வேணாங்க."

ஒரு வளையத்தை எங்கள் ஒயரில் சுற்றினேன். ரேடியோவை எல்லாப் பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துச் சாய்வாக வைத்தால் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் பேச்சை அரித்துக்கொண்டேதான் இருந்தது. வயலுக்குக் கொண்டுபோய்க் கேட்கலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை.

மாலையில் மிச்ச வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரேடியோவோடு அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றேன். விளக்கின் ஒயரில் இதைச் சுற்றிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். வளையத்தைப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, ரேடியோ விக்க வந்தீங்களா?" என்றார் அண்ணி. அதற்குள் மனைவியும் என்னைத் தடுக்கக் குடையோடு வந்துவிட்டாள்.

நான் ரேடியோவைத் திருகி, படத்தின் அருகே கொண்டுபோனேன். இரைந்தது. பின்னால் நகர்ந்தேன். தணிந்தது. "இவ பேசுறது இப்ப வரும் அண்ணி" என்று வளையத்தை எடுத்துக் காட்டினேன். ஆனால் விளக்கின் ஒயர் சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்தது. சுற்ற இடமில்லை.

மனைவி, "வாங்க போவலாம்" என்று என் கையைத் தொட்டாள்.

அண்ணி உள்ளே போய் அகலை எடுத்து வந்து படத்துக்கு முன் ஏற்றினார். சுடர் நிமிர்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவிட்சை அணைத்தார்.

வண்டு நின்றது. நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. மூவரும் தரையில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் மனைவியின் குரல் வந்தது.

"காலு பதியணும், ஆனா சேறு ஒட்டக் கூடாது. அதான் பக்குவம். ஈரம் பாக்குறது மட்டுந்தான் நானு. தெளிக்கிறது எங்க வூட்டுக்காரரு. அவரு கைக்கு ஒரே சீரா வுழும். இப்ப இங்கதான் நின்னாரு, மைக்கப் பாத்து ஓடிட்டாரு."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். நான் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

அவள் பேச்சு முடிந்ததும் அண்ணி எழுந்து சுவிட்சைப் போட்டார். இரைச்சல் திரும்ப வந்தது.

"இருந்தப்பவும் இப்படித்தான், யாரையும் ரேடியோ கேக்க வுட மாட்டாரு," என்றார் படத்தைப் பார்த்து.

அண்ணன் அப்படித்தான். செய்தி வாசிப்பவரோடுகூடச் சண்டை போடுவார்.

வெளியே மழை விட்டிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் ரேடியோவை அணைக்கவில்லை.