பாப்பாவின் பொடி

மலத்தைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் எங்கள் வீட்டில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள்.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். வெளுத்துப்போய், சுவரை நக்கிக்கொண்டு கிடப்பாள். ரத்தம் ரொம்பக் குறைவென்று சித்தூர் ஆஸ்பத்திரி நர்சம்மா இரண்டு மாதத்துக்கு இரும்புச்சத்துப் பொடிப் பாக்கெட்டுகள் ஒரு பெட்டி கொடுத்தார். தினம் ஒன்று, ஆறின கூழில் கலந்து ஊட்ட வேண்டும். "வெளிக்கிக் கறுப்பா போவும், பயப்படாதம்மா. பொடி உள்ள போவுதுன்றதுக்கு அதான் அடையாளம்," என்றார்.

மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்குக் காலை ஷிப்டு. விடியுமுன் கிளம்பிவிடுவேன். மகளுக்கு ஊட்டுவது என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். எங்கள் வீட்டில் முதல் கரண்டி தம்பிக்குத்தான். தம்பி தட்டின் மேல் அண்ணி ஜெபம் பண்ணின பிறகே மற்றவர்களுக்கு. பொடியை அண்ணி தன் பீரோவில்தான் வைத்திருந்தார். சாயங்காலம் வந்து கேட்டால், "குடுத்துட்டேன், கிழிச்ச பாக்கெட்டு அதோ கீது பாரு," என்பார். நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் முன்னைவிடக் குறைந்திருந்தது. "கறுப்பா போவுதா?" என்று கேட்டார் நர்சம்மா. மஞ்சளாகத்தான் போகிறது என்றேன். சொல்லும்போதே திக்கென்றது. கறுப்பாய்ப் போகிறதென்று முதல் இரண்டு வாரம் புலம்பிக்கொண்டிருந்தவர் என் கணவர்.

நேரே வீட்டுக்கு வந்து கேட்டேன். அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. "கைக்கொழந்தைக்கு எதுக்கு அம்மாஞ் சத்து? வயிறு தாங்குமா? எந்தம்பி வெயில்ல கல்லு ஏத்திக்கினு கீறான். அவன் கேவுரு கூழ்ல ரெண்டு ரெண்டா போட்டுக் குடுத்தேன். பெட்டியும் தீந்துபோச்சு."

கணவரைப் பார்த்தேன். "ஒனக்குத் தெரியுமா?"

"மொதல்ல தெரியாது. அப்பறம் அக்கா சொல்லுச்சு," என்றார். "தெம்பாத்தான் இருந்துச்சு."

ஆறடி ஆள்! மடியில் கிடக்கும் பிள்ளை எழுந்து நிற்கக்கூடச் சத்தில்லாமல் துவண்டு கிடக்கிறது. இவருக்குத் தெம்பாக இருந்ததாம். தூ!

நர்சம்மாவிடம் கெஞ்சி இன்னொரு பெட்டி வாங்கினேன். அதை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, ஷிப்டுக்குக் கிளம்புமுன் மகளை எழுப்பி நானே ஊட்டினேன். நாலாம் நாள் ஞாயிறு, எனக்கு லீவு. காலையில் அவள் துணியை அவிழ்த்தால், கன்னங்கரேலென்று இருந்தது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கூடத்தில் அண்ணி ஜெபத்தை முடித்து முதல் கரண்டியை ஊற்றியிருந்தார். துணியை அப்படியே கொண்டுபோய்க் கணவரின் தட்டுக்கு முன்னால் விரித்தேன்.

"சீ! துன்னும்போதா இதெக் கொண்டாந்து காட்டுவே?" என்று மூக்கைப் பொத்தினார் கணவர்.

"ஏன், பெத்த புள்ளையோடதப் புடுங்கித் துன்னும்போது வராத அருவருப்பு, இப்பத்தான் வந்துச்சா?" என்றேன்.