வாய்க்குள் ஒளிந்த பொம்மை

அசுசேனா பர்ரகான் வாயைத் திறந்தால் நீதிபதிகூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார் என்று மெக்சிகோ நகரத்து வக்கீல்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கிழட்டு வக்கீல் ரொமுவால்தோ நடத்துகிற அலுவலகத்தில் வரி வழக்குகளை அவள் அளவுக்கு ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவள். கையில் இரண்டு கைபேசிகள், இரண்டும் ஓயாது. நடந்துகொண்டே சாப்பிடுவாள், லிஃப்டுக்குள் நின்றபடி சமரசம் பேசி முடிப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்று பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் வரவேற்பறையில் தவம் கிடப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, விரல் கணு அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்றைக்கு ரோஸ்கா ரொட்டி அறுக்காத அலுவலகம் இந்த ஊரில் கிடையாது. வளையமாகச் சுட்ட ரொட்டிக்குள் குழந்தை இயேசு பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளுக்கு எல்லோருக்கும் தமால் கொடுக்க வேண்டும். தமால் என்றால் சோளமடலில் கட்டி அவித்த கொழுக்கட்டைதான். மற்ற அலுவலகங்களில் கடையில் வாங்கி மேசையில் பரப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ரொமுவால்தோ அதற்கெல்லாம் மசிகிற ஆளில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்த பிறகு கிழவருக்கு அடுத்தவர் வீட்டு விருந்தென்றால் உயிர். பொம்மை கிடைத்தவர் வீட்டில்தான் சாப்பாடு, செலவைப் பங்குபோட்டுத் தப்பிக்கக் கூடாது, அதனால் ரொட்டிக்கு ஒரே பொம்மை என்று சட்டம் போட்டிருந்தார். போன வருடம் ரொட்டி காலியான பிறகும் பொம்மை வரவில்லை. பேக்கரிக்காரனைப் போனில் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, இந்த வருடம் கடையையே மாற்றிவிட்டார்.

அசுசேனாவின் வீட்டுக்கு அலுவலகத்து ஆட்கள் யாரும் வந்ததில்லை. வந்தால் என்ன பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெரிய சாப்பாட்டு மேசை, அதற்கு ஒரே ஒரு நாற்காலி. குளிர்பெட்டியில் தண்ணீர் பாட்டிலும், ஓட்டல் பொட்டலத்தோடு வந்த மிளகாய்ச் சாறும். ஆள் இருக்கிற மாதிரி காட்ட நாள் முழுக்க ஓடுகிற டிவி. இதை மறைக்கத்தான் அவள் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தாள். விவாகரத்து ஆன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லி ரொமுவால்தோ கூப்பிட்டார். அவர் குரலில் இருந்த இரக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "தங்கச்சி குடும்பத்தோட வந்துருவா, ஞாயித்துக்கெழம எங்க வீட்ல நிக்க எடமிருக்காது" என்று சொல்லிவைத்தாள். தங்கை இருப்பது உண்மை. ஆனால் தீஹுவானாவில், விமானம் ஏறிப் போகிற தூரத்தில். அவள் பையன் தாமியானை அசுசேனா இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டுமே! தாமியானுக்குப் பல் விழுந்தது, அம்மை போட்டது, சர்ச்சில் முதல்முறையாகப் புதுநன்மை வாங்கியது என்று அலுவலகத்தில் கதை வளர்ந்துகொண்டே போனது. புதுநன்மைக்கு எதிர் மேசை வக்கீல் எர்மிலோ ஒரு கால்பந்துகூட வாங்கிக் கொடுத்தான். சுற்றிய காகிதம் பிரிக்காமல் அது அவள் அலமாரியில் கிடந்தது.

அவரவர் துண்டை அவரவர்தான் அறுக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. அவள் முறை வந்தது. கத்தி ரொட்டிக்குள் ஏதோ கெட்டியான ஒன்றில் தட்டி நின்றது. துண்டைத் தூக்கினால் அடியில் ஒரு வெள்ளைப் பாதம் எட்டிப் பார்த்தது. கட்டைவிரலால் அதை உள்ளே அழுத்தினாள். சிரித்துக்கொண்டே நாற்காலிக்குப் போனாள். அந்த இடத்தைக் கடித்து, பொம்மையை நாக்கால் தள்ளிக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாள்.

தட்டு காலியானதும் ரொமுவால்தோ எழுந்து நின்றார்.

"கதவச் சாத்துங்கப்பா. போன வருஷம் ஏமாந்தேன், இந்த வருஷம் நடக்காது. பேக்கரிக்காரன் என் கண் முன்னாடிதான் பொம்மையச் சொருவுனான். ஒவ்வொருத்தரா வாயத் தொறந்து, 'நான் எடுக்கல'ன்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் உதட்டை மூடியபடி சிரித்தாள். மேசையைச் சுற்றி வாய்கள் திறந்து மூடின. எதிரே எர்மிலோ நாடகக்காரனைப் போல நெஞ்சில் கைவைத்து, "என் ரெண்டு பொண்ணுங்க மேல ஆணையா நான் எடுக்கல" என்றான். சொல்லிவிட்டு அவள் தாடையையே பார்த்தான். பன்னிரண்டு வருடமாக அவளோடு போட்டி போட்டே பழகியவன் அவன், அவள் எப்போது சறுக்குவாள் என்று காத்திருக்கிற ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லி முடித்தார், அடுத்தது அவள்.

"என்ன அசு, வாயில கொழுக்கட்டையா?" என்றார் ரொமுவால்தோ. "வீடு நெறைய ஆளு வச்சிருக்க, ஒனக்கென்ன பயம்? தங்கச்சி புள்ளைய நாங்களும் ஒருநாள் பாக்க வேணாமா?"

துப்பினால் பன்னிரண்டு வருடப் பொய்யும் மேசைமேல் விழும்.  சாக்லேட் பானம் இருந்த கோப்பையை எடுத்தாள், ஒரே மடக்கு.

"நான் எடுக்கல" என்றாள் தெளிவாக.

பொம்மை நெஞ்சுக்கு நடுவில் போய் நின்றுவிட்டது. மூச்சு வந்தது, பேச்சு வந்தது, ஆனால் எச்சில் இறங்கவில்லை. உள்ளே கத்திமுனையால் குத்துவது போல வலி. திருடனைத் தேள் கொட்டிய கதைதான், கத்தவா முடியும்? "ஒரு போன் பேசணும்" என்று கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறி, டாக்சி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. ராஜாக்கள் திருநாளுக்கு இதே மாதிரி வருவது அவருக்குப் பழக்கம் போல.

"மயக்க மருந்து குடுத்து, குழாய் விட்டுத்தான் எடுக்கணும். ரொம்ப நேரம் விட முடியாது, உணவுக்குழாய் கிழிஞ்சிரும். உங்ககூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல." கைக்குட்டையில் எச்சிலைத் துப்பிக்கொண்டே சொன்னாள். "நான் வக்கீல். எல்லாப் பொறுப்பும் என்னதுன்னு எழுதித் தரேன்."

"அது செல்லாதும்மா. கூட ஒரு ஆள் இருந்தாத்தான் மயக்க மருந்து."

"வயசு வந்த ஒரு மனுஷி சம்மதிச்சா போதாதா? எந்தச் சட்டத்துல..."

"உள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, வெளிய வந்து நான் யார்கிட்ட சொல்றது?"

அசுசேனா கைக்குட்டையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, அவளை நடையில் ஓரமாக விட்டார்கள். ஒரு நர்ஸ் காத்திருப்போர் கூடத்தின் வாசலில் நின்று, வழக்கமான உச்சக் குரலில் கூப்பிட்டாள்.

"பர்ரகான்! பர்ரகான் கூட வந்தவங்க!"

கூடம் நிறைய ஆட்கள். ஒரு தலைகூட நிமிரவில்லை. நர்ஸ் இன்னொரு தடவை கூப்பிட்டாள். தன்கூட வந்தது தான் மட்டும்தானே, தானே கையைத் தூக்கிவிடலாமா என்று அசுசேனாவுக்குத் தோன்றியது. 

தங்கையைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது: "வேலையா இருக்கேன், அவசரமா?" பழக்க தோஷம், விரல்கள் தாமாகவே "அவசரமில்ல" என்று தட்டி அனுப்பிவிட்டன. அனுப்பிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. கைபேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நீதிபதிகள், மந்திரியின் காரியதரிசிகள், கம்பெனி முதலாளிகள். இவர்களிடம் வாய்தா கேட்கலாம், "கொஞ்சம் வரீங்களா" என்று கேட்க முடியுமா? ஒவ்வொரு சனிக்கிழமையும் "எப்படியிருக்கீங்கம்மா" என்று கேட்கிற சலவைக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அந்த ஒரு கேள்விக்காகவே சுத்தமான சட்டைகளையும் அவள் அங்கே கொண்டுபோய்க் கொடுத்ததுண்டு. அவர் பெயர்கூடத் தெரியாது.

வலி முதுகுக்குப் பரவியது. நர்ஸ் வந்து குனிந்து, "யாருமே இல்லையாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு ரொமுவால்தோவின் குரலில் கேட்ட அதே இரக்கம். இந்த முறை கோபம் வரவில்லை, பயம் வந்தது.

பொம்மை அவளிடம் இருப்பது தெரிந்தவன் ஒருத்தன்தான். சாவதா, எர்மிலோவிடம் அகப்படுவதா? வக்கீல் புத்தி அந்த வேளையிலும் இரண்டையும் நிறுத்துப் பார்த்தது. பிறகு எண்ணை அழுத்தினாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றான் அவன், எடுத்ததும்.

"உனக்கு எப்படி..."

"நீ முழுங்குனதப் பாத்தேன். பின்னாடியே ஓடி வந்தேன், அதுக்குள்ள டாக்சில ஏறிட்ட. உன் இன்னொரு நம்பருக்குப் போன் பண்ணா எடுக்கல. எங்க இருக்கன்னு சொல்லு மொதல்ல."

மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கழுத்துப்பட்டை கோணலாக, கோட்டில் ரொட்டிச் சர்க்கரை ஒட்டியிருந்தது. சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தங்கச்சிக்குச் சொல்லிட்டியா?"

"அவ தீஹுவானால இருக்கா."

"ஊருக்குப் போயிருக்காளா?"

"அங்கதான் இருக்கா, எப்பவுமே. ஞாயித்துக்கெழம யாரும் வர்றதில்ல எர்மிலோ. வந்ததே இல்ல."

அவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். "அப்ப என் கால்பந்து?"

"அலமாரில இருக்கு. பிரிக்கல."

சிரிக்கப் போகிறான், நாளைக்கு அலுவலகம் முழுக்கச் சிரிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை.

"போன வருஷம் பேக்கரிக்காரன் மேல தப்பில்ல" என்றான் எர்மிலோ தரையைப் பார்த்துக்கொண்டு. "பொம்ம என் துண்டுலதான் வந்துச்சு. குனிஞ்சு சாக்ஸுக்குள்ள போட்டுக்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும் குத்திக்கிட்டே கெடந்துச்சு."

"உனக்கென்ன வந்துச்சு? பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு..."

"அவங்க என்ன விட்டுட்டு கெரேதாரோ ஊருக்குப் போயி மூணு வருஷம் ஆச்சு அசு. மேசை மேல இருக்கற குடும்பப் படத்த மட்டும் நான் எடுக்கல."

தினமும் எதிரே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அவள். அவன் கோட்டில் இருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள்.

"பர்ரகான்! பர்ரகான் கூட வந்தவங்க!"

"நான்தான்" என்று எர்மிலோ எழுந்தான், கூடமே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

"நீங்க என்ன முறை வேணும் அவங்களுக்கு?"

அவன் முழித்தான். "எதிர் மேசை" என்றான்.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, அண்ணன்னு போட்டுக்கறேன்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கண் விழித்தபோது அருகே சின்ன மருந்துப் புட்டிக்குள் பொம்மை கிடந்தது. பக்கத்தில் எர்மிலோ கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். ரொமுவால்தோவின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கண் முன்னால் சொருகிவிட்டுப் பின்னால் உருவிக்கொண்டானென்று, புது பேக்கரிக்காரனை நாளைக்குக் கோர்ட்டுக்கு இழுக்காமல் விடுவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டிருந்தார். அசுசேனா கையை நீட்டிக் கைபேசியை வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்தாள்.

"அந்த ஆள விட்ருங்க ரொமுவால்தோ சார். பொம்ம என்கிட்டதான் இருக்கு." தொண்டை கரகரத்தது. "முழுங்கிட்டேன். ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க, இப்ப நல்லாருக்கேன்."

"அடிப் பாவி! முழுங்குனியா? கூட யாரு, தங்கச்சியா?"

"எர்மிலோ. தங்கச்சி இந்த ஊர்லயே இல்ல. ஞாயித்துக்கெழம, தாமியானுக்குப் பல் விழுந்தது, எல்லாம் நான் கட்டிவிட்ட கத. வீட்ல நான் மட்டுந்தான். விருந்து என் வீட்லயே வச்சுக்கலாம், வாங்க."

மறுமுனையில் கிழவர் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. 

"உக்கார எத்தன நாற்காலி இருக்கு?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணு."

"எங்க வீட்ல நாலு சும்மா கெடக்கு" என்று எர்மிலோ கைபேசியை நோக்கிக் குனிந்தான். "நான் எடுத்துட்டு வரேன். தமாலும் பாதி என் பொறுப்பு. என் பொம்மைக்கும் சேத்து."

"உன் பொம்மையா?" என்றார் ரொமுவால்தோ. "உன் பொம்ம எதுடா?"

எர்மிலோ மென்று விழுங்கினான். அசுசேனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கத் தொண்டை எரிந்தது.