அம்மா சொன்ன சாட்சி

கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையைக் கடக்கையில், இரும்பு கடையும்போது ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாடை வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் ஜெபக்கூட்டம் நடந்த பட்டறையிலும் இதே வாடைதான். இப்போது அங்கே அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மெஷின்களை நிறுத்தி, இரும்புச் சீவலைக் கூட்டித் தள்ளி, பாய் விரித்து உட்காருவோம். வியாதி, குடி, சண்டை என்று தாங்கள் பட்ட பாட்டையும் கர்த்தர் தூக்கிவிட்டதையும் ஒவ்வொருவராகச் சாட்சி சொல்ல, கேட்பவர்கள் அழுவார்கள், நானும் சேர்ந்து அழுவேன்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஒருநாள் அம்மா எழுந்தாள்.

"எம்பொண்ணு போன மாசம் வரைக்கும் பாயிலயே ஒண்ணுக்குப் போயிட்டிருந்தாளுங்க. ஜெபம் பண்ணுனேன், நின்னுபோச்சுங்க!"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள் அவள். கூட்டம் அல்லேலூயா என்றது. என் வகுப்பில் படிக்கும் ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்குச் சந்தோஷம். "எல்லாரும் எப்படி அழுதாங்க பாத்தியா கண்ணு?" என்றாள். நான் அவள் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

அடுத்த வருடம் வயசுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் ஓடினேன்.

"எங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்கக்கா" என்று கெஞ்சினேன்.