தகப்பனின் சம்மதம்

நோர்வேயின் ரொம்சோஸில் நோர்வேஜியக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வராத தமிழர் குறைவு. வாசித்தும் சொல்வேன், கூடவே நாலு பேச்சும் கொடுப்பேன். அன்று மலரக்கா வந்தபோது சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

மலரக்கா என்கிற ஞானமலர் மன்னார்க்காரி. ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. ஒரே மகள் ஷரோனை ஐந்து வயதில் அவளுடைய பெரியப்பா டெனிஸ் வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்து அகதியாகப் பதிந்தவர். இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம்தான் விசா கொடுத்தார்கள். நிரந்தர வதிவிடம் போன வருஷம்தான் கிடைத்தது. கிடைத்த கிழமையே மகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். ஷரோனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் நான்கு மாதம். இது தவறினால் பிள்ளை என்று சொல்லி இனிக் கூப்பிட முடியாது.

குடிவரவு அலுவலகத்தின் கடிதத்தை வாசித்தேன். பிள்ளை வருவதற்குத் தகப்பனின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். கெடு இரண்டு மாதம்.

தகப்பன் பிலேந்திரன், ஷரோன் வயிற்றில் இருக்கும்போது, யுத்த காலத்தில், வேலைக்குப் போன வழியில் காணாமற்போனவர். அதற்கான சான்றிதழை முதலே அனுப்பியிருந்தோம். அது போதாது என்றுதான் இந்தக் கடிதம்.

"அப்ப மரணச் சான்றிதழ் எடுப்பம் அக்கா. காணாமப் போனாக்களுக்கும் அங்கை குடுக்கினம். நீங்கள் சத்தியக் கடதாசியிலை ஒரு கையெழுத்து வைச்சாச் சரி" என்றேன், கடையில் பால் வாங்கி வரச் சொல்வதுபோல.

மலரக்காவின் முகம் மாறியது. "நீ படிச்சனி எண்டுதான் வந்தனான் மேரின். அவர் செத்ததை நீ கண்டனியோ?"

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. எனக்கும் கோபம்தான். கார்த்திகை மாதப் பூசையில் வாசிக்கிற மரித்தோர் பட்டியலுக்கு அவர் ஒரு வருஷமும் புருஷன் பெயரைக் கொடுத்ததில்லை. சுகம் வேண்டி ஒப்புக்கொடுக்கும் பூசைக்குத்தான் கொடுப்பார். கண்முன்னே இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு யாருக்குக் காவல் இருக்கிறார் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஒரு மாதம் போனது. மலரக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. சுரங்கரயில் நிலையத்தில் என்னைக் கண்டுவிட்டு அடுத்த பெட்டியில் ஏறினார். விண்ணப்பம் அவருடையது, நாட்களை எண்ணி நித்திரை கெட்டது நான்.

ஐந்தாவது கிழமை அவரே வரச்சொன்னார். போனபோது மேசையில் சத்தியக் கடதாசி கிடந்தது. தொலைபேசியில் ஷரோன்.

"பெரியப்பா எல்லாம் எழுதி அனுப்பிட்டார் அம்மா. உங்கடை கையெழுத்துத்தான் இல்லை."

"நாளைக்கு அவர் வந்து நிண்டால் நான் என்னண்டு அவற்றை முகத்திலை முழிக்கிறது?"

 

"நீங்கள் அப்பா வருவார் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியள்" என்றாள் ஷரோன். "நான் பன்னிரண்டு வருஷமா உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

மலரக்கா பேனையை எடுத்தார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மன்னாரிலிருந்து சான்றிதழ் வந்து சேர்ந்தது. என் வீட்டில் கணினியைத் திறந்து அதை விண்ணப்பத்தோடு இணைத்தேன். அடுத்து நிரப்ப வேண்டிய கட்டம் தகப்பன் இறந்த திகதி. சான்றிதழில் இருந்ததை உரத்து வாசித்தேன். மே பதினான்கு. அவர் காணாமற்போன நாளையே இறந்த நாளாகப் போட்டிருந்தார்கள்.

"அண்டைக்கு அவர் சாகேல்லை மேரின்" என்றார் மலரக்கா. "விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சவர். பிள்ளை உதைக்குதோ எண்டு வயித்திலை கை வைச்சுப் பாத்திட்டுத்தான் போனவர்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கையெழுத்துத்தானே என்று சொன்ன வாய் இது. அந்தத் திகதியை என்னால் எழுத முடியவில்லை. விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மலரக்கா கணினியைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால், ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அழுத்தினார்.