ரெண்டு வரி பேசச் சொன்ன அமுதா

அமுதா இறந்த செய்தி எங்கள் குழுவுக்கு ஒரு குரல் பதிவாக வந்தது. "அமுதாக்கா செத்துப் போச்சு." அவ்வளவுதான். பேசியவர் பிகாஷ். ஒடிசாவிலிருந்து வந்து ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர்; எங்கள் இணையதளத்தில் தமிழ் பழகுகிறவர். பழகுகிறவர்கள் அந்த வாட்ஸப் குழுவில் நாளெல்லாம் எதையாவது சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "மாடு செத்துப் போச்சு", "பஸ் போயிடுச்சு" என்றெல்லாம் முன்பே வந்திருக்கிறது. அதனால் எங்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் பதில் போட்டார்: "மனிதர்களைச் செத்துப் போச்சு என்று சொல்லக் கூடாது. தவறிட்டாங்க என்று சொல்லிப் பழகவும்." பிகாஷும் அடுத்த நிமிடமே, "அமுதாக்கா தவறிட்டாங்க" என்று திருத்திச் சொன்னார். அதற்கு இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டினார்கள். நானோ பெரம்பலூரில் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டு, உயிரோடு இருக்கிறவர் பெயரைப் போட்டா உதாரணம் சொல்வது, விவஸ்தை வேண்டாமா என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தோடுதான் அமுதாவின் போனுக்கு அடித்தேன். அவர் கணவர் சேகர் எடுத்தார். "சார், நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே..." என்றார். செய்தி சொல்ல, மனைவி போனில் கடைசியாக இருந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். அது பிகாஷின் எண்.

அமுதாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் என்றாலும் உங்களில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு மொழிக்காரர்கள் பேச்சுத்தமிழ் பழகுவதற்காக நடக்கும் தளம் எங்களுடையது. பாடம் எழுதியவர் என்று தனியாக ஒருவரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போனில் ஒரு வாக்கியம் பேசி அனுப்பலாம். வேறு இரண்டு பேர் கேட்டுச் 'சரி' போட்டால் அது பாடத்தில் ஏறும். அமுதா தா.பழூரில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நான் தமிழாசிரியர். இரண்டு பேருக்கும் சரிபார்க்கும் வேலை. அதனால் இரண்டு பேருக்கும் சண்டை.

நான் முதன்முதலில் அனுப்பிய வாக்கியம், "தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?" அமுதா அதை நிராகரித்துக் கீழே எழுதியிருந்தார்: "சார், பஸ்ல இப்படிக் கேட்டீங்கன்னா செக்கிங் வந்துட்டாங்கன்னு எறங்கி ஓடிடுவாங்க." எனக்கு வந்ததே ஒரு கோபம்! நானும் விட்டேனா? அவர் பதிவு ஒன்றில் குக்கர் விசில் கேட்கிறது என்று திருப்பி அனுப்பினேன். உடனே போன் வந்தது. "குக்கர் இல்லாத வூட்ல யாரு சார் தமிழ் பேசுறா?" சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க வாக்கியம் தப்புன்னு சொல்லல சார். அழகா இருக்கு. ஆனா யாரும் அப்படிப் பேசுறதில்லையே, அதான்." அது பாராட்டா வசவா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் குரல் சேர்க்கும் அழகை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை நேரில் பார்த்தேன். பூக்கார அம்மா ஒருவரிடம் போனை நீட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டே வரி பேசுங்கக்கா. பாலிசி இல்ல, பிரீமியம் இல்ல, கையெழுத்து இல்ல."

"என் குரல் எதுக்குடி? போலீசுக்கா?"

"ஒடிசாக்காரங்க பூ வாங்க வந்தா பேரம் பேசத் தெரிய வேணாமாக்கா?"

"அவன் பேரம் பேசக் கத்துக்கிட்டா எனக்கு என்னடி லாபம்?"

அமுதா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் தளத்தின் லட்சியத்தை யாரும் அப்படிக் கேள்வி கேட்டதில்லை. பிறகு அமுதா அந்தக் கேள்வியையே மறுபடி சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டார். சந்தைப் பாடத்தில் இன்றும் அது இருக்கிறது.

துக்க வீட்டில் பேசுவதற்கு ஒரு பாடம் போடலாம் என்று நான் சொன்னபோது மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எழவு வூட்ல என்ன பேசுறதுன்னு நமக்கே தெரியல. அதை என்னத்த சார் பாடமா போடுறது?" என்றார்.

அவர் வீட்டுக்கே அப்படிப் போக வேண்டி வந்தது. பந்தலில் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். யாருக்கும் யார் முகமும் தெரியாது. வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. "நீங்கதானே 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க'?" என்று ஒரு பெண் கேட்டார். "ஆமாங்க, நீங்க 'சில்லறை இல்லையா'வா?" என்றார் மற்றவர். கேட்டுவிட்டு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கள்லாம் என்ன முறை வேணும்?" என்று கேட்டார். கூட வேலை செஞ்சவங்க என்றேன். "இன்சூரன்சா?" என்றார். இல்லை என்றேன்.

பிகாஷ் கிளம்பும்போதுதான் அது நடந்தது. சேகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேண்ணா" என்றார். பந்தலே திடுக்கிட்டது. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? போயிட்டு வரேன்னு சொல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பாதீங்க என்றுதான் எங்கள் பாடத்தில் இருக்கிறது, அதுவும் அமுதாவின் குரலிலேயே. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேகர் தலை நிமிர்ந்து, "வாங்க தம்பி" என்றார்.

காரியமெல்லாம் முடிந்தபின் சேகர் என்னைக் கூப்பிட்டார். "சார், அவ குரலை எடுத்துடுங்க." ஜெயங்கொண்டத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து பெஞ்சில் ஒரு வடநாட்டுத் தொழிலாளி போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அமுதாவின் குரல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறது. "நான் திரும்பிப் பாத்துட்டேன் சார். பதிலும் சொல்ல வந்துட்டேன். கடைல எல்லாரும் என்னையே பாக்குறாங்க. இப்படி ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தா நான் எங்க சார் போறது?"

நான் என்ன செய்வேன்? அந்தக் குரலை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிறார்கள். அது அமுதா அவர்களுக்குக் கொடுத்தது, எடுக்க நான் யார்? ஆனால் சேகரைவிட அதில் உரிமை யாருக்கு? இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. மனசே இல்லாமல் அமுதாவின் வாக்கியங்களை எல்லாம் மறைத்து வைத்தேன். பாடங்கள் நடுநடுவே வெறிச்சென்று ஆகிவிட்டன. ஒவ்வொரு வெற்றிடத்திலும், "இந்த வாக்கியத்துக்குக் குரல் வேண்டும்" என்று தளம் தானாகவே கேட்டது.

முதலில் வந்த குரல் பிகாஷுடையது. "சாப்பிட்டீங்களா?" ஒடியா வாடை நன்றாகவே தெரிந்தது. பழகுகிறவர் குரலைப் பாடத்தில் ஏற்றலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, கீழே ஒரு நிராகரிப்பு வந்து விழுந்தது. போட்டவர் பெயர்: அமுதா. குறிப்பைப் படித்தேன். "அவ இப்படிக் கேக்க மாட்டா. கடைசில கொஞ்சம் இழுப்பா. நம்ம சாப்பிடலன்னு தெரிஞ்சுக்கிட்டே கேக்குற மாதிரி இருக்கும்."

உடனே சேகரைக் கூப்பிட்டேன். "எடுக்கச் சொன்னது நான்தான் சார்" என்றார். "அவ போனைத் தூக்கிப் போட மனசு வரல, சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். அதுல சரிபாக்கச் சொல்லி வந்துச்சு. அந்தத் தம்பி தப்பா கேட்டாரு. அதை எப்படி வுடுறது?" அப்படியென்றால் அமுதாவின் குரலை மறுபடி போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம்" என்றார். பிறகு, "தெரியல சார்" என்றார். பிகாஷ் மறுபடி மறுபடி பேசி அனுப்பினார். ஒருநாள் 'அமுதா' சரி போட்டார். இரண்டாவது சரியை நான் போட்டேன்.

சேகர் சொன்ன அந்த இழுப்பு உண்மைதானா என்று பார்க்க, அமுதா முதலில் அனுப்பிய பதிவை, வெட்டுவதற்கு முன் இருந்ததை, தேடி எடுத்துக் கேட்டேன். இழுப்பு இருந்தது. பாடத்துக்கு அந்தக் கேள்வி மட்டும் போதும் என்று பின்னால் இருந்ததை வெட்டியிருக்கிறோம். வெட்டிய இடத்தில், வீட்டுக்குள்ளிருந்து சேகரின் குரல் கேட்கிறது. "இன்னும் இல்ல. நீ வா, சேந்தே சாப்பிடலாம்." அதற்கு அமுதா, "இருங்க, ரெண்டு வரிதான், வந்துட்டேன்" என்கிறார்.

அமுதாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். சேகரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று பஸ் ஏறுகிறேன். ஜெயங்கொண்டம் வருவதற்குள் பயம் வந்துவிடுகிறது, இறங்கித் திரும்பிவிடுகிறேன். அமுதாவைத் தெரிந்தவர்களே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், கொடுக்கட்டுமா?