முப்பதடி தூரத்து வட்டம்

எங்கள் தமிழ்ச் சங்க நாடகங்களுக்கு விளக்குப் பார்த்துவந்தவர் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனார். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த என்னிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது. விளக்கு என்றால் கோணம், கோணம் என்றால் கணக்கு என்று செயலாளர் முடிவு செய்துவிட்டார். எழுபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் அது.

விளக்குகள் பவானிபூரில் ஒரு வாடகைக் கடையிலிருந்து வரும். கூடவே கடைக்காரரும் வருவார். ஐம்பது வயது வங்காளி. என்னை அக்கா என்ற பொருளில் தீதி என்பார், நான் அவரை அண்ணன் என்ற பொருளில் தாதா என்பேன். ஸ்பாட் விளக்கின் பெட்டிக்குள் பல்பைக் கண்ணாடியை ஒட்டி நகர்த்தினால் ஒளி விரியும், பின்னால் இழுத்தால் குறுகும் என்று முதல் நாளே திறந்து காட்டினார். மீதியை வீட்டில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். விளக்குக்கும் நடிகருக்கும் முப்பதடி. பத்து டிகிரி வைத்தால் வட்டம் ஐந்தடிக்குச் சற்று மேல்; இருபது வைத்தால் பத்தரை அடி. கடைசிக் காட்சியில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி மகளிடமும் மருமகனிடமும் நீளமாகப் பேசுகிறார். அங்கே அவர் முகம்தான் முக்கியம் என்று பத்து டிகிரி எழுதிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்பாவாக நடித்தவர் ஒரு வங்கியில் அதிகாரி. லேக் கார்டன்ஸில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பழக்கம் அதிகமில்லை. உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் லீவில் இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

நாடகத்துக்கு முந்தின நாள் மதியம் அரங்கில் விளக்கு ஒத்திகை. மின்வெட்டு முடிந்து மூன்று மணிக்குத்தான் தொடங்கினோம். கடைசிக் காட்சியில் வட்டம் அவர்மேல் விழுந்தது. இரண்டு வரி பேசிவிட்டு நாற்காலியை ஓரடி நகர்த்திக்கொண்டார். தாதா விளக்கைத் திருப்பினார். அவர் எழுந்து இருட்டுக்குள் நின்று பேசினார். மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குறி போட்ட இடத்தில் இருக்க முடியாதென்றால் அளந்து பார்த்து என்ன பயன் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

டீ குடிக்க எல்லோரும் வெளியே போனபோது அவர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். இடது கண்ணைக் காட்டி, முகவாதம் வந்து போனதைச் சொன்னார். அந்தக் கண் இன்னும் முழுக்க மூடவில்லை. நேர் வெளிச்சம் பட்டால் எரிகிறது. குரலை உயர்த்தினால் வாய் ஒரு பக்கமாகப் போகிறது. அந்தக் கோணலை நானும் பார்த்திருந்தேன். பாத்திரத்துக்காக அவரே செய்வது என்று நினைத்திருந்தேன்.

கூச்சத்தில் அவசரமாக, வெளிச்சத்தை வலது பக்கம் மட்டும் போட்டு இடது பக்கத்தை நிழலில் விட்டுவிடலாம் என்றேன்.

"மறைக்கணும்னு இல்ல டீச்சர்," என்றார். "என்னை மட்டும் தனியாப் பிடிச்சுக் காட்டாதீங்க. மத்தவங்களோட சேர்ந்து நானும் தெரிஞ்சாப் போதும்."

தாதாவிடம் இருபது டிகிரிக்கு விரிக்கச் சொன்னேன். "ஆலோ கமே ஜாபே, தீதி," என்று தலையாட்டினார். வெளிச்சம் குறையும் என்பது உண்மைதான். வட்டம் இரண்டு மடங்கானால் ஒளி கால்பங்காகிவிடும். நானே பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் போடுகிற கணக்கு. மூன்று பேர் முகமும் மங்கின. மிச்ச விளக்கு கிடையாது. பின்திரையில் எரிந்துகொண்டிருந்த இரண்டை இறக்கச் சொன்னேன். தாதா ஏணி ஏறி, மூலைக்கொன்றாக முன்பக்கம் மாட்டினார். கண்ணில் நேராகப் பாயாமல் உயரத்தில் வைத்து, ஒளி மென்மையாக விழக் கண்ணாடிக்கு முன் வெண்ணெய்த்தாள் போன்ற ஒன்றைச் செருகினார். நாற்காலியும் மகளும் மருமகனும் ஒரே வெளிச்சத்துக்குள் வந்தார்கள். அவர் உட்கார்ந்து முழுக் காட்சியையும் பேசி முடித்தார். நகரவில்லை.

மறுநாள் நாடகத்திலும் நகரவில்லை. உயர்ந்த குரலில் பேசும் இடத்தில் வாய் கோணியது. வெளிச்சத்திலேயே கோணியது. நான் ஓரத்திலிருந்து சபையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிக் கிசுகிசுக்கவில்லை.

பின்திரை இருண்டுபோனதில் ஒருவருக்கு வருத்தம். அதில் ஜன்னலும் மாமரமும் வரைந்த ரயில்வே அதிகாரி, ஹவுராவிலிருந்து மனைவியையும் மைத்துனரையும் அழைத்து வந்திருந்தார். மாமரம் எங்கே என்று என்னிடம் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, அது நான் சொல்லக்கூடியதாக இல்லை. தை, மாசி வாக்கில் அங்கே வரும் சரஸ்வதி பூஜை வரை அவர் என்னோடு பேசவில்லை.

வங்கி அதிகாரிக்குக் கோடையில் கண் சரியாகிவிட்டது. உதட்டோரம் மட்டும் லேசாக இழுத்தபடியே நின்றுவிட்டது. டெல்லிக்கு மாற்றலாகும்வரை இன்னும் இரண்டு நாடகங்களில் நடித்தார். இரண்டுக்கும் நான்தான் விளக்கு. நடிகர்கள் மேடையில் ஒரு முறை நடந்து, பேசிக் காட்டிய பிறகே கோணத்தை எழுதினேன்.